கையை உயர்த்துவதா, சீட்டில் குறிப்பதா?

"இந்தத் தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்துங்கள்." மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், மரண உதவிச் சங்கம் என எந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும் இந்த வசனத்தைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. கைகள் உயரும். செயலாளர் எண்ணுவார். "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று கூட்ட அறிக்கையில் எழுதப்படும். பிறகு தேநீர் வரும்.

வன்னியில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்கள் சங்கங்களுடன் வேலை செய்துவருபவள் நான். இந்த "ஏகமனதாக" என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். முப்பது பெண்களுக்கு ஒரே மனம் எப்படி வந்தது? வீட்டுத்திட்டப் பட்டியலில் முதலில் யார், சுழற்சிக் கடனை யாருக்குக் கொடுப்பது, பொருளாளராக யாரைப் போடுவது போன்ற விடயங்களில் ஒரு தாயின் வயிற்றில் பிறந்த சகோதரிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கும். அப்படியிருக்க, கையை உயர்த்தும்போது மட்டும் எல்லோரும் ஒன்றாகிவிடுவது ஏன்?

கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் இதற்கான பதில் எனக்குக் கிடைத்தது. 2009இல் கணவர் காணாமற்போன பின், மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்துவரும் தாய் ஒருவர் அங்கே இருக்கிறார். மிளகாய்த் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறவர். சங்கத்தின் பொருளாளர் இரண்டு வருடமாகக் கணக்குக் காட்டவில்லை என்று கூட்டத்துக்கு முன்னர் என்னிடம் விரிவாகச் சொன்னவர் அவரே. ஆனால் அதே பொருளாளரின் பெயர் மீண்டும் முன்மொழியப்பட்டபோது, அவருடைய கையும் மற்றக் கைகளோடு சேர்ந்து உயர்ந்தது. கூட்டம் முடிந்து நடந்து போகையில் அவராகவே சொன்னார்:

"கை என்ரைதான் மிஸ். ஆனால் அந்தக் கையாலைதானே நாளைக்கு அவையின்ரை தோட்டத்திலை புல்லுப் பிடுங்கவேணும்?"

பொருளாளரின் குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டத்தில்தான் அவருக்கு வேலை. இதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. மூன்று பிள்ளைகளின் அடுத்த நேரச் சாப்பாட்டைக் கணக்குப் பார்த்த ஒரு தாயின் முடிவு அது. தவறு அவரிடம் இல்லை. அவருடைய கருத்தை அவருக்கு வேலை கொடுப்பவரின் முன்னிலையில் கேட்ட முறையில்தான் தவறு இருக்கிறது.

கூட்டத்தின் கண்கள்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளரின் பரிசோதனை பற்றிக் கற்றோம். 1950களில் அமெரிக்காவில் நடத்தப்பட்டது அது. ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் அதற்குச் சமமான நீளமுடையது எது என்று கேட்டார்கள். சிறு பிள்ளைகூடச் சரியாகச் சொல்லக்கூடிய கேள்வி. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஆராய்ச்சியாளரால் முன்கூட்டியே தயார் செய்யப்பட்டவர்கள். அவர்கள் வேண்டுமென்றே பிழையான விடையை ஒருவர் பின் ஒருவராக உரத்துச் சொன்னார்கள். அந்த ஒருவரின் முறை வந்தபோது என்ன நடந்தது? பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர், ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து பிழையான விடையைச் சொன்னார்கள். விடையை உரத்துச் சொல்லாமல் தாளில் எழுதும்படி விட்டபோது, இந்த இழுபடுதல் பெருமளவு குறைந்தது.

இவர்கள் கல்லூரி மாணவர்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் அவர்களுக்கு முன்பின் அறியாதவர்கள். கோடு பற்றிப் பிழையாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னாலும் அவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை. அப்படியும் கூட்டத்தின் கண்கள் அவர்களை அசைத்தன. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, ஒரே கடையில் கடன் எழுதி, ஒரே கோயிலில் பொங்கல் வைக்கும் எங்கள் பெண்கள் மீது அந்தக் கண்கள் எவ்வளவு பாரமாக இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் கிராம அலுவலரோ, அபிவிருத்தி உத்தியோகத்தரோ, என்னைப் போன்ற நிறுவன அலுவலரோ கதிரையில் இருந்தால் பாரம் இன்னும் கூடும்.

இப்போது கைத்தொலைபேசிக் குழுக்களிலும் வாக்கெடுப்பு நடக்கிறது. முன்பள்ளித் தாய்மார் குழுவில் "சுற்றுலா எங்கே போவது" என்று கேட்பார்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்று பெரும்பாலும் பெயருடனேயே தெரியும். சுற்றுலாவுக்கு அது பாதகமில்லை. "இந்த ஆசிரியை தொடர்ந்து இருக்கலாமா" என்ற கேள்வியை அதே விதமாகக் கேட்டால், அந்த ஆசிரியையிடம் படிக்கும் பிள்ளையின் தாய் என்ன செய்வார்?

இரகசியம் எப்படி வந்தது?

வாக்கு என்றாலே இரகசியம் என்று நாம் நினைக்கிறோம். பிரித்தானியாவில் 1872ஆம் ஆண்டு வரை பாராளுமன்றத் தேர்தலில் வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் தமது வேட்பாளரின் பெயரை வாயால் சொல்ல வேண்டியிருந்தது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதைப் பல இடங்களில் புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள். 1868ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் வேல்ஸ் பகுதியில், நிலச்சொந்தக்காரர்களின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்த குத்தகை விவசாயிகள் பலர் காணிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். காணி அவர்களுடையதல்ல, ஆகவே வாக்கும் அவர்களுடையதாக இருக்கவில்லை. கிளிநொச்சித் தாயின் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இத்தகைய அநீதிகளின் பின்னரே 1872இல் இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி பொன்டிஃபிராக்ற் என்ற நகரில் நடந்த இடைத்தேர்தலே அச்சட்டத்தின் கீழ் அங்கு நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தல். அதிமதுர மிட்டாய்க்குப் பெயர்போன அந்த ஊரில், மிட்டாயில் பதிக்கும் அச்சைக் கொண்டே வாக்குப்பெட்டியின் அரக்குக்கு முத்திரை வைத்தார்கள். பெரிய சீர்திருத்தத்துக்குப் பெரிய உபகரணம் தேவையில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

இலங்கையில் 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. அப்போது எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்தமையால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறப் பெட்டியில் வாக்குச்சீட்டைப் போடும் முறை இருந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலும் அவ்வாறே நடந்தது. சீட்டில் எதுவும் குறிக்க வேண்டியதில்லை என்பதால், அதைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுவந்து விற்பதற்கும் இடமிருந்தது. பின்னர் ஒரே சீட்டில் எல்லோருடைய சின்னங்களும் அச்சிடப்பட்டு, ஒரே பெட்டியில் போடும் முறை வந்தது. இன்று நமது அரசியலமைப்பின் 93ஆம் உறுப்புரை, ஜனாதிபதி, பாராளுமன்ற உறுப்பினர் தேர்தலும் மக்கள் தீர்ப்பும் சுதந்திரமாகவும் சமமாகவும் இரகசிய வாக்களிப்பு மூலமும் நடைபெற வேண்டும் என்று கூறுகிறது.

இந்த இரகசியம் பெண்களுக்குத் தரும் பாதுகாப்புத் தனியானது. வாக்குச்சாவடியின் மறைப்புக்குள் கணவரும் இல்லை, மாமனாரும் இல்லை, தமையனும் இல்லை. வீட்டில் "யாருக்குப் போட்டனீ?" என்று கேட்டால் என்ன பதிலையும் சொல்லலாம். சரிபார்க்க எவராலும் முடியாது.

பகிரங்கத்தின் பக்கமும் நியாயம் உண்டு

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜோன் ஸ்டுவர்ட் மில் என்ற ஆங்கிலேய அறிஞர் 1866இலேயே பெண்களின் வாக்குரிமைக்கான மனுவைப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தவர். பெண்களுக்காக இவ்வளவு முன்னதாகப் பேசிய அவரே இரகசிய வாக்கை எதிர்த்தார் என்றால் ஆச்சரியமாக இருக்கும். வாக்கு ஒருவரின் சொந்தச் சொத்தல்ல, பிறருக்காகக் கையில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. பொறுப்பைச் செய்கிறவரை ஊர் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஒளித்துப் போடும் வாக்கில் சுயநலமும் பொறாமையும் புகுந்துவிடும் என்றும் அவர் அஞ்சினார்.

எங்கள் சங்கங்களிலும் இப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முல்லைத்தீவுப் பக்கத்து மூத்த தலைவி ஒருவர் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, ஒளிச்சுப் போட்டால் முகத்துக்கு முன்னால சிரிச்சுப்போட்டு முதுகிலை குத்துவினம். சொல்லுறதை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்." அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் படங்களை நெஞ்சில் ஏந்தித் தங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் தெருவோரம் அமர்ந்தார்கள். அந்தப் பகிரங்கமே அவர்களின் பலம்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அந்தத் தாய்மார் முகத்தைக் காட்டுவதென்று தாங்களாகத் தெரிவு செய்தார்கள். கூட்டத்தில் கையை உயர்த்தச் சொல்லும்போது அந்தத் தெரிவு இல்லை. கையை உயர்த்தாமல் விட்டாலும் அதுவும் எல்லோருக்கும் தெரியும். இரகசிய வாக்கு இருக்கும் இடத்தில் துணிந்தவர் எழுந்து நின்று தன் கருத்தைப் பேசுவதை எவரும் தடுக்கவில்லை. கையை உயர்த்தும் முறையிலோ பயந்தவருக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லை.

சுவிற்சர்லாந்தில் சில மாகாணங்களில் மக்கள் இன்றும் ஆண்டுதோறும் திறந்த வெளியில் கூடிக் கையை உயர்த்தி முடிவெடுக்கிறார்கள். அவ்வாறான அப்பென்செல் இன்னரோடன் மாகாணத்தில் 1990 ஏப்ரலில், பெண்களுக்கு மாகாண வாக்குரிமை கொடுப்பதா என்று கேட்கப்பட்டபோது, கூடியிருந்த ஆண்கள் மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே உரிமை கிடைத்தது. பக்கத்து மாகாணமான அப்பென்செல் அவுசரோடனில் 1989இல் அதே கை உயர்த்தும் முறையிலேயே உரிமை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே கையை உயர்த்தினால் எப்போதும் அநீதிதான் என்று கூற முடியாது. ஆனால் தன் மனைவிக்கும் மகளுக்கும் உரிமை கொடுக்க விரும்பிய ஓர் ஆண், அயலவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கையை உயர்த்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்?

யாருடைய வாக்கு தெரிய வேண்டும்?

அப்படியானால் மில் சொன்ன பொறுப்பு எங்கே போகிறது? என் எண்ணத்தில், கேள்வியைச் சரியாகப் பிரித்துக்கொண்டால் விடை கிடைத்துவிடும். தனக்காக வாக்களிப்பவர் ஒருவர். பிறருக்காக வாக்களிப்பவர் இன்னொருவர். முன்னவருக்கு இரகசியம் வேண்டும். பின்னவர் பதில் சொல்லியாக வேண்டும்.

2022 ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றம் நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவு செய்தது. ரணில் விக்கிரமசிங்க 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3 என வாக்குகள் கிடைத்தன. சட்டப்படி அது இரகசிய வாக்கெடுப்பு. நாம் அனுப்பிய உறுப்பினர் யாருக்கு வாக்களித்தார் என்பதை அறிய நமக்கு வழியிருக்கவில்லை. 2025 ஜூன் 16ஆம் திகதி கொழும்பு மாநகர சபையில் மேயர் தெரிவின்போதும், பகிரங்க வாக்கெடுப்பா இரகசிய வாக்கெடுப்பா என்பதே பெரிய தர்க்கமாயிற்று. இறுதியில் இரகசியமாக நடந்து, விராய் கெலீ பல்தசார் என்ற பெண்மணி 61க்கு 54 என்ற வாக்குகளால் மேயரானார். ஒரு பெண் மேயராவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் நமது வாக்கைப் பெற்றுச் சபைக்குச் சென்றவர் அங்கே என்ன செய்தார் என்று அறியும் உரிமை நமக்கு இல்லையா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. உறுப்பினரைக் கட்சித் தலைமையின் அழுத்தத்திலிருந்து இரகசியம் காப்பாற்றும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அது அவரை வாக்காளரிடமிருந்தும் காப்பாற்றிவிடுகிறதே!

இதையே சங்கத்துக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கத்தவர்கள் நிர்வாகசபையைத் தெரிவு செய்வது இரகசியமாக இருக்கட்டும். ஆனால் அந்த நிர்வாகசபை கூடி, யாருக்குக் கடன் கொடுப்பது, எந்தக் கடையில் பொருள் வாங்குவது என்று எடுக்கும் முடிவுகள் பெயருடன் எழுதப்பட்டு, பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

குடவோலை பற்றிப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. உண்மையில் அது வாக்கெடுப்பல்ல. தகுதியானவர்களின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சபையோர் முன்னிலையில் ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கும் திருவுளச்சீட்டு. நிலமும் கல்வியும் உடையவர்களுக்கே அதில் இடம். ஆனால் அங்கிருந்த ஒரு விதியை நாம் எடுத்துக்கொள்ளலாம். முன்னர் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மீண்டும் பதவிக்கு இடமில்லை!

தகரப்பேணியும் புளியங்கொட்டையும்

இரகசிய வாக்கெடுப்பு என்றால் செலவு, நேரம், படிப்பறிவு எல்லாம் தேவை என்று சிலர் பின்வாங்குகிறார்கள். நாங்கள் சங்கங்களில் செய்துவரும் முறையைச் சொல்கிறேன்.

ஒரே அளவாக வெட்டிய தாள்கள். எல்லோருக்கும் ஒரே பேனை. வேட்பாளர்களுக்குக் குடம், விளக்கு, பூ என்று படம் கொடுத்து, எல்லாப் படங்களையும் ஒவ்வொரு தாளிலும் முன்கூட்டியே வரைந்துவிடுங்கள். வாக்களிப்பவர் புள்ளடி மாத்திரம் போட வேண்டும். எழுதினால் கையெழுத்துப் பிடிபட்டுவிடும். சேலை ஒன்றைக் கட்டினால் மறைப்பு ஆயிற்று. பெரிய பிஸ்கற் தகரத்தின் மூடியில் துளையிட்டு, தொடங்குமுன் உள்ளே வெறுமை என்று எல்லோருக்கும் கவிழ்த்துக் காட்டுங்கள். இறுதியில் எல்லோர் முன்னிலையிலும் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி எண்ணுங்கள். வாக்குத்தான் இரகசியம், எண்ணுவது ஒருபோதும் இரகசியமாக இருக்கக்கூடாது.

ஆம், இல்லை என்ற கேள்வியானால் தாளும் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சோளமணியும் ஒரு புளியங்கொட்டையும் கொடுங்கள். ஆம் என்றால் சோளம், இல்லை என்றால் புளியங்கொட்டை. மூடிய கையை வாக்குப் பேணிக்குள் விட்டு விரும்பியதைப் போட வேண்டும். மற்றதை மூடிய கையோடு இரண்டாவது பேணிக்குள் போட வேண்டும். சத்தத்தில் அடையாளம் தெரியாதிருக்கப் பேணியின் அடியில் துணி விரியுங்கள். இது புதுமையல்ல. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஏதென்சு நகர நீதிமன்றங்களில் இதே வழியைத்தான் கையாண்டார்கள். நடுவில் துளையுள்ள தண்டும் துளையில்லாத தண்டும் கொண்ட இரண்டு வெண்கல வில்லைகளை ஒவ்வொரு நடுவருக்கும் கொடுப்பார்கள். தண்டின் இரு முனைகளையும் விரலால் மூடிப் பிடித்தால் எது எதுவென்று பிறருக்குத் தெரியாது. ஒன்றை வாக்குக்கான பாத்திரத்திலும் மற்றதை ஒதுக்கும் பாத்திரத்திலும் போடுவார்கள். அதே ஏதென்சில் பொதுச்சபையின் முடிவுகள் பெரும்பாலும் கையை உயர்த்தியே எடுக்கப்பட்டன. ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது வேறு, ஒரு காரியத்தைப் பற்றி முடிவெடுப்பது வேறு என்பதை அவர்கள் விளங்கியிருந்தார்கள்.

சிறிய சங்கங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதினெட்டுப் பேரில் பதினேழு ஆம், ஒன்று இல்லை என்று வந்தால், அந்த ஒருவர் யாரென்று ஊரே தேடும். ஆகவே "நீ யாருக்குப் போட்டாய் என்று எவரும் எவரையும் கேட்கக்கூடாது" என்ற விதியை வாக்கெடுப்புக்கு முன்னரே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

இப்படி மாற்றிய ஒரு சங்கத்தில், முந்திய ஆண்டு 23 பேரும் கையை உயர்த்தித் தெரிவு செய்த தலைவி, தகரப்பேணி வந்தபோது 12க்கு 11 என்ற கணக்கில் தப்பினார். எவரும் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் கணக்குப் புத்தகத்தைத் தானாகவே கொண்டுவந்து வாசித்தார். பதவி மாறவில்லை, ஆனால் பதவியில் இருந்தவர் மாறினார். இரகசிய வாக்கு முதுகில் குத்துவதற்கு மட்டுமே என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அன்பான சகோதரிகளே, தேநீருக்கு எத்தனை மணிக்கு இடைவேளை, சிரமதானம் எந்த நாள் என்பவற்றுக்குக் கையை உயர்த்துங்கள், பாதகமில்லை. ஒருவரின் பெயர் பேசப்படும்போதும், ஒருவரின் வேலை, வீடு, கடன் தீர்மானிக்கப்படும்போதும், அறையில் பலமுள்ளவர் ஒருவர் இருக்கும்போதும் சீட்டைக் கேளுங்கள். உங்கள் சங்கத்தின் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒரு யாப்புத் திருத்தத்தை முன்மொழியலாம்: "நிர்வாகசபைத் தெரிவு இரகசிய வாக்கெடுப்பு மூலம் நடைபெறும்; அங்கத்தவர் ஒருவராவது கோரினால் வேறெந்த விடயத்துக்கும் அவ்வாறே நடைபெறும்." இவ்வளவும் போதும். கோருகிறவர் தனக்காகக் கேட்கிறார் என்று எவரும் நினைக்க வேண்டியதில்லை. பின்வரிசையில் வாய் திறவாமல் இருக்கும் ஒருவருக்காக நீங்களே அதைக் கேட்கலாம்.